பஸ் திரும்ப ஒன்றரை சென்ட்

கன்னியாகுமரி ரயில் நிலையத்தில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு நான் இறங்கியபோது, என்னோடு வந்த கூட்டம் முழுவதும் சூரியோதயம் பார்க்கக் கடற்கரைப் பக்கம் ஓடியது. நானும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆனி மாதத்துச் சாரல் மேகம் கிழக்கை முழுவதும் மூடியிருந்தது. சூரியன் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வெளிச்சம் வந்துவிட்டது, அவ்வளவுதான். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு சாயா குடித்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

நான் வந்தது கடல் பார்க்க அல்ல, ஒரு பஸ்ஸைப் பார்க்க. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பேருந்துப் பணிமனை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பொதுமக்கள் அனுப்பும் மனுக்களைப் பிரித்து, எண் போட்டு, மேலே அனுப்பி, மேலேயிருந்து வரும் பதிலைத் தட்டச்சு செய்து அனுப்புவதுதான் என் வேலை. ‘எங்கள் ஊருக்குப் பஸ் விட வேண்டி’ என்று தொடங்காத மனு அபூர்வம். பதில்கள் மூன்றே வகை. தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. சாலை அகலம் போதவில்லை. பேருந்து திரும்ப வசதியில்லை. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்வேன். அந்த ஊர்களில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மல்லிகா தன் கைப்பேசியிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். மல்லிகா ஒரு காலத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்து நர்ஸ் பயிற்சி படித்தவள். இப்போது திட்டுவிளையில் கிராம சுகாதார செவிலியர். மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூர் அவள் பொறுப்பில் வருகிறது. அந்த ஊர் கேட்ட பஸ்ஸுக்கு வந்த பதில்தான் படத்தில் இருந்தது. பேருந்து திரும்ப வசதியில்லை. வேறு ஓர் அலுவலகம், வேறு ஒரு கையெழுத்து, ஆனால் வாக்கியம் என்னுடையதேதான்.

“இதுக்கு என்ன அர்த்தம் அக்கா?” என்று கேட்டாள்.

“இடம் காட்டினா வரும்னு அர்த்தம். சில சமயம், காட்டினாலும் வராதுன்னு அர்த்தம்” என்றேன். நேரில் வந்து பார்க்கச் சொல்லி இன்னொரு மனு எழுதச் சொன்னேன். எழுதினார்கள். புதன்கிழமை சோதனை ஓட்டத்துக்கு ஒரு பஸ் வருவதாகப் பதில் வந்துவிட்டது. நான் ரயில் ஏறிவிட்டேன். ஊரின் பெயரை இங்கே கல்லடிவிளை என்று மாற்றிச் சொல்கிறேன். அங்குள்ளவர்களின் பெயர்களும் அப்படித்தான்.

காலை 6.45க்குப் புறப்பட வேண்டிய நாகர்கோவில் பஸ் 7.05க்குப் புறப்பட்டது. இருபது கிலோமீட்டர். முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த சாதாரண பஸ் என்பதால் எனக்குக் கட்டணமில்லை. நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். பக்கத்து வரிசையில் தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, நெற்றியில் நீண்ட நாமமிட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அய்யாவழிக்காரர். கடற்கரையில் சங்கு, பாசிமணிக் கடை வைத்திருக்கிறாராம். சரக்கு எடுக்கக் கோட்டாறு சந்தைக்குப் போகிறார். என் சீட்டைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

“பொம்பளையாளுக்கு டிக்கெட்டு இல்ல, கொள்ளாம், நல்ல காரியம். எனக்கு ரெண்டு ரூவா கூட்டினாலும் தாறேன். ஆனா ஆறே முக்கால்னா ஆறே முக்காலுக்கு எடுக்கணும். சாமானம் எடுத்துட்டு வந்து ஒம்பதுக்குக் கட தொறக்கணும்லா.”

முன் இருக்கையிலிருந்த பெரியவர் திரும்பினார். தேரூர்ப் பக்கம் வயல் வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. “நீரு யாவாரி. அந்த ரெண்டு ரூவாய சாமான் வெலயில ஏத்திருவீரு. நான் நெல்லுல எங்க ஏத்த? புதுசு புதுசா எத்தன காரு ரோட்டுல இறங்குது! அவன் கெட்டுத வரியில ஒரு பங்க பஸ்ஸுக்குன்னு ஒதுக்கட்டு.”

“காருக்காரன் சும்மா இருப்பானா?”

“பஸ்ஸு நல்லா ஓடுனா அவனுக்குத்தாம் ரோடு காலியாக் கெடக்கும். அத அவன்கிட்ட யாராவது சொல்லணும்.”

இருவரும் சண்டை போடவில்லை. சாரல் உள்ளே அடிக்காமல் ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு, நிதானமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். நடத்துநரிடம் அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டேன்.

“ரூவாய எங்கேருந்து வேணாலும் கொண்டு வாங்க. முதல்ல ஒரு ஆளு கூடப் போடச் சொல்லுங்க. நேத்து பாத்த டூட்டி முடியாம இன்னைக்கு டூட்டிக்கு நிக்கேன்.” சொல்லிவிட்டு சுசீந்திரத்தில் ஏறியவர்களிடம் போய்விட்டார்.

மனுக்களில் இப்படிப்பட்ட பேச்சு வராது. மனுவில் எல்லோரும் பணிவாக இருப்பார்கள்.

நாகர்கோவிலில் மல்லிகா காத்திருந்தாள். பூதப்பாண்டி வழியாகத் திட்டுவிளைக்கு இன்னொரு பஸ். இரண்டு பக்கமும் கன்னிப்பூப் பருவத்து நெல் பச்சையாக நின்றது. பழையாற்றில் கலங்கல் தண்ணீர். தாடகை மலையின் மேல்பாதியை மேகம் மறைத்திருந்தது. அன்று முழுவதும் மல்லிகாவின் வீட்டில் தூங்கினேன்.

புதன்கிழமை காலை 9.20க்குத் திட்டுவிளையில் கீரிப்பாறை பஸ் ஏறி, தடிக்காரன்கோணம் தாண்டி ஒரு சந்திப்பில் இறங்கினோம். அங்கிருந்து கல்லடிவிளைக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பஸ் இல்லை. மூன்று ஆட்டோக்கள் நின்றன. நான்கு பேர் சேர்ந்தால் ஆளுக்கு முப்பது ரூபாய், தனியாகப் போனால் நூற்றிருபது. நாங்கள் ஏறியது மணிகண்டன் என்பவருடைய ஆட்டோ. நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவர். இன்னும் இரண்டு பேர் வரும்வரை இருபத்தைந்து நிமிடம் நின்றோம். சாலை ரப்பர் மரங்களுக்குள் ஏறி ஏறிப் போனது. தார் நன்றாகவே இருந்தது. இரு பக்கமும் மரத்தில் கட்டிய சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

சாலை முடியும் இடத்தில் ஒரு சாயாக்கடை, வாரத்தில் இரண்டு நாள் திறக்கும் ரேஷன் கடை. ஒரு பக்கம் ஓடை, எதிர்ப்பக்கம் ஒரு வீட்டின் கல்மதில். மதிலுக்குள் இரண்டு கமுகு மரங்கள். மணிகண்டன் அந்த மதிலை ஒட்டித்தான் ஆட்டோவை நிறுத்தினார். அது அவருடைய வீடு.

பஸ் பதினொன்று பத்துக்கு வந்தது. உள்ளே ஓட்டுநரும் கிளை அலுவலக அதிகாரி ஒருவரும் மட்டும். ரப்பர் பால்வெட்டு முடித்து வந்த பெண்கள் கை கழுவாமலே நின்றார்கள். நாற்பது, ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். கல்லடிவிளைக்குள் ஒரு பஸ் வருவது அதுவே முதல் தடவை என்றாள் மல்லிகா.

வந்த பஸ் திரும்ப வேண்டும். ஓட்டுநர் முன்னே எடுத்தார், பின்னே எடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு முழம்தான் கிடைத்தது. மதிலில் முன்பக்கம் முட்டப் பார்க்கும், பின்சக்கரம் ஓடைக்கரைக்குப் போகும். ஐந்தாவது தடவை கரையிலிருந்து கற்கள் உருண்டு தண்ணீரில் விழுந்தன. “மதி, மதி! போதும்!” என்று எல்லோரும் கத்தினார்கள். ஓட்டுநர் நிறுத்தி இறங்கி, சக்கரத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

“ஆளு இல்லாத வண்டிக்கே இந்தக் கதி. அம்பது பேர வச்சுக்கிட்டு நான் எடுக்கமாட்டேன் சார்” என்றார். அவர் சொன்னது நியாயம். அதிகாரி மதிலருகே போய் நாடாவால் அளந்தார். மதில் பத்தடி உள்ளே போனால் பஸ் முன்னும் பின்னுமாக மூன்று வெட்டில் திரும்பிவிடும். ஏறத்தாழ ஒன்றரை சென்ட் நிலம்.

“சனிக்கிழமைக்குள்ள இது ஆச்சுன்னா திங்கட்கிழமையிலிருந்து ஒரு மாசம் ஓட்டிப் பார்க்கலாம்” என்றார். “காலை ஏழு அம்பது, சாயங்காலம் ஆறே கால். இல்லேன்னா இதே டிரிப்பை இன்னொரு ஊர் கேட்டிருக்கு. நான் அவங்களுக்குத்தான் கொடுக்கணும்.”

அப்போது மழை வலுத்தது. எல்லோரும் சாயாக்கடைச் சாய்ப்புக்குள்ளும் ரேஷன் கடை வராந்தாவிலும் ஒதுங்கினோம். அதிகாரியும் கீழே போக முடியாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த முக்கால் மணி நேரம்தான் நான் கேட்டதிலேயே நல்ல பொதுமக்கள் கருத்துக் கூட்டம். தலைவரும் இல்லை, மைக்கும் இல்லை.

“மதிலு இடிக்கணும், மண்ணு நெரப்பணும், ஓடைப்பக்கம் கல்லு கெட்டணும். பஞ்சாயத்து செய்யட்டு” என்றார் ஒருவர்.

“பஞ்சாயத்துக்கு நிதி வந்து, அது நம்ம வரைக்கும் ஏறி வரதுக்குள்ள சனிக்கிழம போயிரும்.”

“அரசாங்க பஸ்ஸுக்கு நாம ஏன் துட்டு போடணும்? வரி கெட்டல்லியா?”

“எனக்கு பைக் இருக்கு. பஸ்ஸுல போறவன் போடட்டு.”

“உனக்க பைக்குல உனக்க அம்மய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனியா? ஆட்டோலதான கொண்டு போன?”

சவூதியிலிருந்து போன வருடம் திரும்பி வந்த சசிகுமார் என்பவர் முன்னால் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பெரிய கடிகாரம். “ஃபில்லிங், கல்லு, லேபர் எல்லாம் நான் ஸ்பான்சர் பண்ணுதேன். ஒரு ஷெல்டரும் கெட்டித் தாறேன். எங்க அப்பாக்க பேரு மட்டும் அதுல வரணும்.”

“அப்பம் நாங்க எல்லாரும் உங்க அப்பா பேருலதான் ஏறி இறங்கணுமா?” என்று ஒரு பெண் கேட்டாள். சிரிப்பு எழுந்தது. சசிகுமாருக்கு முகம் சுருங்கியது. பணம் போடுகிறவனுக்கு இதுகூடக் கூடாதா என்று ஒரு கட்சி, ஊர்ச் சொத்தில் தனிப் பெயர் எதற்கு என்று ஒரு கட்சி. இவ்வளவு பேச்சிலும் ஒருவர்கூட நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் மணிகண்டனைப் பார்க்காமல் பேசினார்கள். அவர் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி லீலாதான் அதைத் தொடங்கினாள். பால்வெட்டுக்குப் போகிறவள். நைட்டியின் மேல் போட்ட முழுக்கைச் சட்டையில் ரப்பர்ப்பால் காய்ந்து கறுத்திருந்தது.

“எல்லாரும் சுத்திச் சுத்திப் பறையண்டாம். மதிலு எங்களுக்கு. நான் தாறேன்.”

மணிகண்டன் ஆட்டோவிலிருந்து இறங்கினார். “ஏட்டி, உனக்கு மண்ட கொழம்பிட்டா? நாலு பேரு ஏறுனாத்தான் எனக்க வண்டி ஓடும். பஸ்ஸு வந்தா நான் என்னத்த ஓட்டணும்? அதுக்கு நம்ம மதில நாமளே இடிச்சுக் குடுக்கணுமா?”

யாரும் சிரிக்கவில்லை. லீலா குரலை உயர்த்தவுமில்லை.

“வஸ்து எனக்க பேருல இருக்கு. எனக்க அப்பா எழுதித் தந்தது. காலம்பற அஞ்சு மணிக்கு டார்ச்ச அடிச்சுட்டு பன்னிரண்டு பேரு கீழ நடக்கோம். கார்த்திகையில சரசு அக்கா வழுக்கி விழுந்து காலு ஒடிஞ்சுது. பஸ்ஸு இல்லாம அடுத்த வீட்டு அஸ்வதி ரெண்டாம் வருசத்தோட காலேஜ நிறுத்திட்டா. ஊருல ஆட்டோ உள்ள வீடு நம்ம வீடு ஒண்ணுதான். பஸ்ஸு இல்லேன்னாலும் நம்ம காரியம் நடக்கும். அதனாலதான் நான் சொல்லுதேன். வேற யாரு சொன்னாலும் அவங்களுக்காகச் சொன்ன மாதிரி இருக்கும்.”

மணிகண்டன் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு அந்த மழையிலேயே கீழே போய்விட்டார்.

லீலா அதிகாரியிடம் திரும்பினாள். “சும்மா தரமாட்டேன் சார். காலம்பற அஞ்சு நாப்பதுக்கும் ஒரு டிரிப்பு வேணும். டிக்கெட்டு இலவசம்னு சொல்லியாச்சு. நாங்க வேலைக்குப் போற நேரத்துல ஏறுததுக்கு பஸ்ஸு வேணும்லா?”

அந்த நேரத்துக்கு வண்டி இல்லை என்று அதிகாரி தயங்கினார். சாயா குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்தான் வழி சொன்னார். “கீரிப்பாறையில ராத்திரி நிக்குற எஸ்டேட் வண்டி இருக்கு சார். காலைல கீழ இறங்கும்போது இங்கோட்டு ஏறி இறங்கட்டும். பதினஞ்சு நிமிஷம்தான் கூடும்.” அதிகாரி, சரி, பார்க்கலாம் என்றார்.

“பாக்கலாம்னு வாயால சொன்னாப் போராது. எழுதணும்.” லீலா என்னைப் பார்த்தாள். நான் யார் என்று மல்லிகா முன்பே சொல்லியிருந்தாள்.

ரேஷன் கடை வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். நிலம் எவ்வளவு, எந்த நிபந்தனைக்குத் தரப்படுகிறது, எந்தெந்த நேரத்துக்குப் பஸ் வர வேண்டும். பஸ் நிறுத்தப்பட்டால் மதிலைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் உரிமை லீலாவுக்கு உண்டு என்றும் சேர்த்தேன். அதிகாரி படித்துப் பார்த்து ‘பெறப்பட்டது’ என்று கையெழுத்திட்டார். நான் ஆயிரக்கணக்கில் பார்த்த சொல். அவர் போன பிறகு லீலாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“இது வாங்கிக்கிட்டோம்கிறதுக்குத்தாம்மா கையெழுத்து. செய்யறோம்கிறதுக்கு இல்ல.”

“அப்பம் மதில இடிச்சா பஸ்ஸு நிச்சயமா வருமா அக்கா?”

“நிச்சயம்னு என்னால சொல்ல முடியாது.”

“வராமப் போனா மதில இடிச்சவா நான்னு ஊருல சிரிப்பாங்க. வந்துட்டா எனக்க வீட்டுக்காரர் சிரிக்கமாட்டாரு. ரெண்டுல ஒண்ணுதான?” என்றாள்.

வியாழக்கிழமை ஊருக்குத் திரும்புவதாக இருந்தேன். பயணச்சீட்டை மாற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மல்லிகா குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட மறுபடி கல்லடிவிளைக்குப் போனாள். நானும் உடன் போனேன். வேலை முடியும்போது நேரமாகிவிட்டது. மல்லிகா அங்கேயே இரவு தங்குவதாகச் சொல்ல, நான் மட்டும் மணிகண்டனின் ஆட்டோவில் இறங்கினேன். பாதி வழியில் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க எழுதினதுல எல்லாம் இருக்குன்னு சொன்னாங்க. எனக்க காரியம் ஏதாவது இருக்கா?”

“இல்ல” என்றேன்.

“பன்னிரண்டு வருசம் நான்தான் இந்த ஊருக்குப் பஸ்ஸு. பிரசவத்துக்கு, பாம்பு கடிச்சதுக்கு, பரீட்சைக்கு, எல்லாத்துக்கும் நான்தான். பஸ்ஸு வேணுமான்னு எல்லார்ட்டயும் கேட்டாங்க. என்கிட்ட யாரு கேட்டா? எனக்க பொண்டாட்டிகூட கேக்கல்ல.”

இருபத்தாறு வருடத்தில் வந்த மனுக்களில் ஒன்றுகூட இவரைப் போன்ற ஒருவரிடமிருந்து வந்ததாக நினைவில்லை. பஸ் வேண்டும் என்கிறவர்கள்தான் எழுதுவார்கள். பஸ் வந்தால் பிழைப்புப் போகிறவர் எந்தத் தலைப்பில் மனு எழுதுவார்? “இப்ப நான் கேக்கறேன். பஸ் வரலாமா, கூடாதா?” என்றேன்.

சந்திப்பு வந்தது, நிறுத்தினார். “வரணும்” என்றார். “ஆனா எனக்க மதில இடிச்சுட்டு வரணுமா, அதத்தான் கேக்கேன்.” நூற்றிருபது ரூபாய் கொடுத்தேன். ஒரு ஆள் பங்கான முப்பதை மட்டும் வைத்துக்கொண்டு தொண்ணூறு ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் ஏறிப் போனபோது மதில் பாதி இறங்கியிருந்தது. கம்பிப்பாரை, மண்வெட்டி, சட்டி என்று வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். பைக் வைத்திருப்பதாகச் சொன்னவர் கமுகின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குச் சசிகுமார் ஒரு டெம்போ நிறையக் கல்பொடி கொண்டுவந்து இறக்கினார். பின்னாலேயே இன்னொரு டெம்போ.

“பேரு?” என்று அன்று கேலி செய்த பெண்ணே கேட்டாள்.

“அது பொறவு பாக்கலாம். முதல்ல பஸ்ஸு வரட்டு.” முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். அவள் அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தாள்.

மணிகண்டன் பதினொரு மணிவரை வரவில்லை. வந்தவர் ஆட்டோவைத் தள்ளி நிறுத்திவிட்டு, சிதறிக் கிடந்த மதில் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி ஆட்டோவில் போட்டுவிட்டு, கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புது எல்லையை ஒட்டி அடுக்கத் தொடங்கினார். லீலா ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுபோய் அருகில் வைத்தாள். அவர் குடித்தார். “கல்லு நல்ல கல்லு. வீணாப் போகப்பிடாது” என்று மட்டும் சொன்னார். அவளிடம் சொன்னாரா, கல்லிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

சாயா வேளையில் பெண்களிடம் நான் ஒன்று சொன்னேன். “இலவசம்தானேன்னு டிக்கெட் வாங்காம இறங்கிடாதீங்க. நீங்க வாங்குற ஒவ்வொரு சீட்டும்தான் இந்த வண்டியில ஆள் போறாங்கங்கிறதுக்குச் சாட்சி. மாசம் முடிஞ்சதும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க.” இது எந்த மனுவுக்கும் பதிலாக நான் எழுதாத விஷயம். எழுதியிருக்கலாம்.

“கண்டக்டர் தரல்லன்னா?”

“கேட்டு வாங்குங்க.”

திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குக் கல்லடிவிளையில் இன்னும் இருட்டு விலகவில்லை. நான் முந்தின நாளே வந்து லீலா வீட்டில் தங்கியிருந்தேன். பன்னிரண்டு பெண்களும் கத்தியும் வாளியுமாக நின்றார்கள். ஐந்து நாற்பத்தெட்டுக்குக் கீழே ரப்பர் மரங்களுக்கு நடுவில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. பஸ் ஏறி வந்தது, கல்பொடி பரப்பிய இடத்தில் மூக்கை நுழைத்தது, பின்னால் வந்தது, முன்னால் போனது. மூன்றே வெட்டு. யாரும் கைதட்டவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஏறிக்கொண்டார்கள்.

நானும் அதில்தான் புறப்பட்டேன். நடத்துநர் பெண்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் போகத் திரும்பினார். “சார், டிக்கெட்டு!” என்று பன்னிரண்டு கைகளும் நீண்டன. ஒரு காசும் கொடுக்க வேண்டாத சீட்டை இவ்வளவு பிடிவாதமாகக் கேட்டவர்களை அவர் பார்த்திருக்க மாட்டார். இன்னமும் காலைச் சற்று இழுத்து நடக்கும் சரசு அக்கா சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். தோட்ட வாசலில் அவர்கள் இறங்கியபோது மணி ஆறாகவில்லை. லீலா கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மரங்களுக்குள் போனாள்.

நாகர்கோவிலில் பகலைக் கழித்துவிட்டு மாலை ரயில் ஏறினேன். எங்கள் பக்கம் நிலம் தட்டையானது. மலை இல்லை, ஓடைக்கரை இல்லை. எந்த ஊரிலும் எந்த மூலையிலும் ஒரு பஸ் தாராளமாகத் திரும்பலாம். அப்படியும் எத்தனையோ ஊர்களுக்கு, பேருந்து திரும்ப வசதியில்லை என்று நான் தட்டச்சு செய்திருக்கிறேன். போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

வள்ளியூர் தாண்டும்போது கைப்பேசி அடித்தது. லீலா. பேச்சுக்குப் பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. சாயங்கால வண்டி வருகிறதா என்று பார்க்கவே சந்தைக்குப் போய்ச் சந்திப்பில் காத்திருந்தாளாம்.

“ஆறே காலு வண்டி ஆறு முப்பத்தஞ்சுக்குத்தான் அக்கா வந்துது. ஆட்டோக்காரன் ரெண்டு பேரு கூப்பிட்டாங்க. யாரும் ஏறல்ல. எல்லாரும் நின்னோம்.”

“உங்க வீட்டுக்காரர்?”

“கீரிப்பாறைக்கு ஒரு சவாரி கெடச்சு போயிருக்காரு. என்கிட்ட இன்னும் பேசல்ல. ஆனா எப்பமும் காலேஜ் விட்டு வரும்போது எங்க மக அபிஷாவ அவருதான் ஆட்டோல கூட்டிட்டு வருவாரு. இன்னைக்கு போன் பண்ணி, பஸ்ஸுல வா மக்களே, டிக்கெட்ட கேட்டு வாங்கிக்கோன்னு சொல்லியிருக்காரு. இந்தா, பக்கத்துலதான் இருக்கா.”